தண்ணி திறந்துவிட்டவர் தலைவர் ஆகலாமா?

உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஊராட்சி அலுவலகங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். வருஷக்கணக்காக வீட்டு வரி கட்டாதவர் சலவை வேட்டியில் வந்து நிற்பார். தண்ணீர்க் கட்டணம் கேட்டுப் போனால் "அவுக ஊர்ல இல்ல" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வருமே, அந்த வீட்டு 'அவுக' நேரிலேயே வந்து பாக்கியை முழுசாகக் கட்டி ரசீது கேட்பார். ஊராட்சிக்குப் பாக்கி வைத்துக்கொண்டு வேட்புமனு போட்டால், பரிசீலனை அன்றைக்கு எதிராளி அதையே பிடித்துக்கொள்வான் என்ற பயம்தான் காரணம். வருஷமெல்லாம் நடையாய் நடந்து நாங்கள் வசூலிக்காத வரியைத் தேர்தல் ஆணையம் ஒரே வாரத்தில் வசூலித்துத் தந்துவிடும்.

நான் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பு விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணை. வேலை பார்த்தது இதே வட்டாரத்தில் ஒரு சின்ன ஊராட்சி. பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் என் கையில்தான் இருந்தன. அதனால் ஊரில் எனக்குச் சட்டம் தெரிந்தவன் என்று ஒரு பேர். யாருக்காவது தேர்தல் ஆசை வந்தால் முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். அரசாங்கத்தின் மொழியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர், ஊர்க்காரர்களின் மொழியில் தண்ணி திறந்துவிடுகிறவர். வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "அண்ணாச்சி, நான் தலைவருக்கு நின்னா சிரிப்பாகளா?" என்று கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. அவருடைய வேலை என்னவென்று எனக்குத் தெரியும்.

இது கரிசல் பூமி. நிலத்தடி நீர் பாதி இடத்தில் உப்பு. மேல்நிலைத் தொட்டிக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிற தண்ணீரும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஏற வேண்டும். எத்தனை மணிக்குக் கரண்ட் இருக்கும், எப்போது லோ வோல்டேஜ், ஸ்டார்ட்டர் எந்த நேரத்தில் 'ட்ரிப்' ஆகும் என்பதெல்லாம் ஆபரேட்டரின் மண்டைக்குள் இருக்கிற கணக்கு. தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இறங்கிக் கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே எழுத வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். கடைசித் தெருக் கடைசிக் குழாயில் பிடித்துச் சோதித்தால் குளோரின் 0.2 பி.பி.எம். இருக்க வேண்டும். இதெல்லாம் ஏணியில் ஏறி இறங்கிச் செய்கிற வேலை.

அதற்கப்புறம் வால்வு. எங்கள் ஊரில் நாலரை மணிக்கெல்லாம் தண்ணீர் திறந்தாக வேண்டும். ஏனென்றால் ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடும். அதற்குள் பெண்கள் தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வேனில் ஏற வேண்டும். அரை மணி நேரம் தண்ணீர் பிந்தினால் அன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு ஆளின் கூலி போச்சு. மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்தால் பள்ளத் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பள்ளத் தெருவுக்கு முதலில் திறந்தால் மேட்டுத் தெருவில் குழாய் காற்றுத்தான் ஊதும். இந்த மனிதர் முறை வைத்து, ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி மாற்றி மாற்றித் திறப்பார். முறை யாருக்கு என்று எந்த நோட்டிலும் எழுதி வைத்ததில்லை. எந்தத் தெரு என்ன சாதி என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. முறை மட்டும் மாறியதில்லை. ஒரு தலைவர் தன் தெருவுக்குக் கூடக் கால் மணி நேரம் விடச் சொன்னபோது, இவர் வால்வு சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே வந்து திறந்துக்கோங்க மாமா, விடியுமுன்ன நாலு மணிக்கு" என்றார். மாமா வரவில்லை.

இப்படி ஒரு ஆள் தேர்தலில் நிற்கலாமா? நிற்கலாம், சிக்கல் ஒன்று உண்டு.

ஊராட்சியிலோ அரசாங்கத்திலோ சம்பளம் வாங்குகிறவர் பதவியில் இருந்துகொண்டே வேட்பாளராக முடியாது. 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. நியாயம்தான். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவரும் அந்தக் காசோலையில் சம்பளம் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் கணக்கு என்ன ஆகும்? ஆகவே ஆபரேட்டர் முதலில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். தோற்றால் வேலையும் இல்லை, பதவியும் இல்லை. ஜெயித்தாலும் வருமானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊராட்சித் தலைவருக்கு மாத மதிப்பூதியம் வெகுகாலம் 1,000 ரூபாய், அதைப் பின்னர் 2,000 ஆக்கினார்கள். குப்பை அள்ளுகிற தூய்மைக் காவலரின் மாத மதிப்பூதியம் அதைவிடக் கூடுதல். வசதி உள்ளவன் மட்டும் தலைவராகட்டும் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. எழுதாமலே அப்படி ஆகிப்போனது.

இருந்தாலும் துணிந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே, மேற்கு மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம். அந்த ஊராட்சியில் தூய்மைப் பணியாளராக இருந்தவர் சரஸ்வதி. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் அந்த ஊராட்சிக்கே தலைவராக வந்தார். செய்தி வந்த அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பர் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. ஆபரேட்டரின் தலைக்குள் இந்த எண்ணம் அன்றைக்குத்தான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அடுத்த வருஷம் டிசம்பரில் கேரளம். கொல்லம் மாவட்டம் பத்தனாபுரம் ஒன்றிய ஊராட்சி அலுவலகத்தில் பல வருஷம் தற்காலிகத் துப்புரவுப் பணியாளராக இருந்த ஆனந்தவல்லி, வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று ஜெயித்து, அதே ஒன்றியத்துக்குத் தலைவராகிவிட்டார். எந்த அறைக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாரோ அந்த அறையில் தலைவர் நாற்காலி அவருக்கு. 2022 டிசம்பரில் பீகாரின் கயா மாநகராட்சி. வாழ்நாளெல்லாம் அந்த நகரத்தின் கழிவையும் குப்பையையும் அள்ளிய சிந்தா தேவி, ஓய்வுக்குப் பிறகு காய்கறி விற்றுக்கொண்டிருந்தவர், துணை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மூவரும் ஊரைக் காலையில் பார்த்தவர்கள். ஓட்டுக் கேட்கிறவர்கள் சாயங்காலம் வருவார்கள். அப்போது வாசல் தெளித்திருக்கும், சாக்கடை மூடியிருக்கும். ஊரின் நிஜ முகம் விடியற்காலை நாலு மணிக்குத் தெரியும். எந்தக் குழாயில் கசிவு, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்தக் கிழவி குடம் தூக்க ஆளில்லாமல் நிற்கிறாள் என்பது அந்த நேரத்தில் தெருவில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

"அப்ப நீங்களே நிக்கலாம்ல அண்ணாச்சி? சட்டமெல்லாம் தெரியுமே" என்று என்னிடமும் கேட்கிறார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை, அடக்கத்தினால் அல்ல. ஆயுசெல்லாம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். ஒருவர் வந்து "எங்க தெருவுல தண்ணி வரல" என்றால் என் வாயில் முதலில் வருவது "அதுக்கு எந்தத் தலைப்பில் நிதி இருக்குன்னு பாக்கணும்" என்பதுதான். ஆபரேட்டரோ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பொது வாழ்க்கையில் எல்லோருக்கும் எல்லா இடமும் பொருந்தாது. விருதுநகர் நகராட்சிக்கு 1941-இல் காமராஜரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவர் வேலூர் ஜெயிலில் இருந்தார். மாதக்கணக்கில் நாற்காலி காத்திருந்தது. விடுதலையாகி வந்தவர் நேராக நகராட்சிக்குப் போய், முழு நேரம் கொடுக்க முடியாத பதவி எனக்கு எதற்கு என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். ஊருக்குள் எல்லோரும் அவரை முதலமைச்சராக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ராஜினாமாக் கடிதம்தான் அடிக்கடி நினைவுக்கு வரும்.

சரி, ஆபரேட்டருக்கு நான் சொன்ன விவரங்களை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பலருக்கு இது தெரிவதில்லை.

கிராமத்து வாக்காளருக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. கிராமப்புறத் தேர்தலில் மெஷின் கிடையாது, காகித வாக்குச் சீட்டுதான். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போட்டு, 2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ண ஆரம்பித்தார்கள். நாலு நிறத்தையும் பிரித்துக் கட்டுக்கட்டி எண்ணி முடிப்பதற்குள் அடுத்த நாளும் விடிந்துவிட்டது. மேலே இருக்கிற இரண்டு ஓட்டுக்குத்தான் கட்சிச் சின்னம். வார்டுக்கும் தலைவருக்கும் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று பொதுச் சின்னங்கள். கட்சி இல்லை என்பது சட்டத்தில். ஊரில் யார் யாருடைய ஆள் என்பது குழந்தைக்கும் தெரியும்.

நிற்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2019 கணக்கில் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செலவு உச்சவரம்பு தலைவருக்கு 34,000, வார்டுக்கு 9,000. இதைச் சொன்னதும் ஆபரேட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் தலைவர் தேர்தலில் முப்பத்து நாலாயிரம் என்பது ஒரு ராத்திரி பிரியாணிக்குக் காணாது.

பணத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. பட்டாசு வட்டாரத்தில் பணப்புழக்கம் அதிகம், தேர்தலில் அது தெரியும். ஏலம் என்ற வழக்கமும் உண்டு. கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் 2019-இல் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாக நாடெல்லாம் பேசியது. கோயில் கட்டத்தானே பணம் என்பார்கள். கோயிலுக்குக் கொடுத்தவன் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பான் என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். அதே மாதம் எங்கள் சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தலைவரை இப்படித் தீர்மானிக்கக் கூடாது என்று கேட்ட இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

ஜெயித்து உள்ளே போனவருக்கு என்ன அதிகாரம்? ஊர்க்காரர்கள் நினைப்பதைவிடக் குறைவு, தலைவர்கள் சொல்லிக்கொள்வதைவிட அதிகம். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, குப்பை, சுடுகாட்டுப் பாதை இவை அவர் கையில். பணம் வருவது வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. வேறெதற்கும் தொடக் கூடாது. கரண்ட் பில்லுக்குத் தனிக் கணக்கு. காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பாங்க் லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி ஏற்பாடு. ஒருவர் திருடாமல் இருக்க நல்ல யோசனைதான். ஆனால் தலைவரும் துணைத் தலைவரும் எதிரெதிர் கோஷ்டியாகிவிட்டால் ஆபரேட்டருக்கு மாசச் சம்பளம்கூட நின்றுவிடும். அப்படி ஒரு தீபாவளிக்கு முன்னால், சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்கும் காசோலைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நான் மாறி மாறி நடந்திருக்கிறேன். அந்த வீட்டில் "அவன் முதல்ல போடட்டும்", இந்த வீட்டில் "அவரு போட்டுட்டாரா?" தூய்மைப் பணியாளர்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி எங்கள் ஊருக்கே உரிய விஷயம். வேட்பாளர் யாராக இருந்தாலும் வீட்டு வாசலில் முதலில் கேட்கப்படுகிற கேள்வி கம்பெனியைப் பற்றியதாகத்தான் இருக்கும். விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள்? 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மத்தியானம், பக்கத்தில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சத்தத்தை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை.

உண்மையில் ஊராட்சித் தலைவருக்கு ஆலையின் லைசென்ஸில் அதிகாரம் இல்லை. அளவைப் பொறுத்து டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று. கடைசி இரண்டும் மத்திய அரசின் வெடிபொருள் துறை கொடுப்பது. ஒரு அறையில் எத்தனை பேர் உட்காரலாம், மருந்து எவ்வளவு வைக்கலாம் என்பதையெல்லாம் பார்க்க வேண்டியவர்கள் சிவகாசியிலும் விருதுநகரிலும் இருக்கிற அதிகாரிகள். ஊராட்சிக்கு ஆலையிடமிருந்து வரி உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் லைசென்ஸே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் கருந்திரி சுற்றுவது, தகரக் கொட்டகையில் வெடிக்கு மருந்து அடைப்பது. கம்பெனியில் வேலை குறைந்தால் இது கூடும். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு கம்பெனிகளில் வேலை நாட்கள் குறைந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்த வீட்டில் நடக்கிறது என்று அதிகாரிக்குத் தெரியாது. டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும்.

இதை அவரே ஒரு நாள் என்னிடம் சொன்னார். பேன்சி ரகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் குளிக்கும்போது அலுமினியப் பவுடர் கரைந்து தண்ணீர் வெள்ளி நிறத்தில் ஓடும். எங்கள் தெருக்களின் சாக்கடையில் சாயங்காலம் அந்த மினுமினுப்பைப் பார்க்கலாம், காலையில் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும். "கம்பெனிக்கே போகாத வீட்டு வாசல்லயும் வெள்ளியாக் கெடக்கு அண்ணாச்சி" என்றார். எந்த வீடு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தலைவராக நிற்கிற ஆளுக்கு இந்த வட்டாரத்தில் வருகிற நிஜமான சோதனை இதுதான். அந்த வீட்டிலும் மூன்று நாலு ஓட்டு இருக்கிறது. போலீசுக்குச் சொன்னால் ஓட்டுப் போகும், அவர்களுடைய ஒரு வேளைச் சோறும் போகும். சொல்லாவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் ஓடு பறக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து போகும். என்ன செய்வாய் என்று கேட்டேன். ஆபரேட்டர் யோசித்துவிட்டு, "அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நூறு நாள் வேலை அட்டை இருக்கான்னு பாப்பேன். அப்புறம் ஒரு வாட்டி நேரா சொல்லுவேன். ரெண்டாவது வாட்டி சொல்லமாட்டேன், ஸ்டேஷனுக்குப் போயிருவேன்" என்றார். இதைவிடப் பெரிய தேர்தல் அறிக்கையை நான் படித்ததில்லை.

பிரசாரம் செய்வதும் இங்கே லேசு இல்லை. பகலில் வீட்டில் கிழவர்களும் பிள்ளைகளும்தான். வேன் திரும்பி வந்து, குளித்து, சோறு பொங்கி முடிக்கும்போது மணி எட்டாகிவிடும், அதற்குமேல் சீரியல். கிராமசபைக்கும் இதே கதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். ஜனத்தொகைக்குத் தகுந்தாற்போல் குறைவெண் வரம்பு: ஐந்நூறு பேர் உள்ள ஊருக்கு ஐம்பது, மூவாயிரம் வரை நூறு, பத்தாயிரம் வரை இருநூறு. தீபாவளிக்கு முந்தைய அக்டோபர் 2 கூட்டத்துக்கு அந்த இருநூறு பேரைத் திரட்டுவது பெரும்பாடு. கையெழுத்து நோட்டு மட்டும் நிரம்பிவிடும். எப்படி நிரம்பும் என்று செயலராக இருந்தவனிடம் கேட்கக் கூடாது.

ஏழாயிரம்பண்ணை ஒரு காலத்தில் பாளையம். 1799-இல் கட்டபொம்மன் வீழ்ந்தபோது பாஞ்சாலங்குறிச்சியோடு கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களில் இதுவும் ஒன்று. யார் ஆள்வது என்பதை வாளோ கும்பினியோ முடிவு செய்த மண்ணில் ஓட்டு வந்து நெடுநாள் ஆகிவிட்டது. ஆனால் நாற்காலியில் யார் உட்காரலாம் என்ற பழைய கணக்கு அத்தனை சீக்கிரம் போகவில்லை. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், அவற்றோடு எங்கள் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-லிருந்து பத்து வருஷம் தலைவரே உட்கார முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மேலவளவில் 1997-இல் தலைவர் முருகேசனையே வெட்டிக் கொன்றார்கள். 2022 ஆகஸ்டில்கூட, பட்டியல் சாதித் தலைவர்கள் சுதந்திர தினக் கொடியை இடையூறில்லாமல் ஏற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளர் எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஆபரேட்டரும் காலனித் தெருக்காரர். இதுவரை நான் சொல்லாமல் விட்டது, வாசகர் அவரை முதலில் வால்வு திறக்கிறவராகப் பார்க்கட்டும் என்பதற்காக.

தேர்தல் எப்போது என்பது வேறு கதை. 2016 அக்டோபரில் மனுவெல்லாம் வாங்கிவிட்ட பிறகு உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2020 ஜனவரி வரை தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். மத்திய மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்புறம் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிய, மறுபடியும் தனி அலுவலர். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எத்தனை ஊராட்சிக்குத்தான் தலைவராக இருப்பார், பாவம். மோட்டார் காயில் எரிந்தால் கையெழுத்துக்கு ஒன்றிய அலுவலகத்துக்கு ஓட வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவர் சுமாரானவராகவே இருந்தாலும் தெருவில் நிறுத்திச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். தனி அலுவலரின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது?

இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் பார்க்க வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்துவிட்டது. அடுத்த முறை எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "வீட்ல நிக்கச் சொல்லிருவேன், வேலைய நான் பாத்துக்கிடுவேன்" என்றார். இந்தப் பதிலை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். 'தலைவர் வீட்டுக்காரர்' என்று ஒரு பதவியே எங்கள் பக்கம் உண்டு, சில இடங்களில் அதற்குத் தனி நாற்காலியும் உண்டு.

அவருடைய சம்சாரம் அப்போது என் மனைவியோடு அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தது. கம்பெனியில் குழாய் உருட்டுகிற வேலை, கைவிரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் இரண்டு தடவை தோற்றும் விடாமல் மூன்றாவது தடவை நின்று, எழுபத்தொன்பது வயதில் தலைவரான வீரம்மாள் பாட்டியின் கதையை என் மனைவி சொல்லி முடித்திருந்தாள். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அந்தம்மா நிலைப்படிக்கு வந்தது.

"அண்ணாச்சி, பொம்பளைக்கு விட்டா நான் நிக்கிறேன். இவரு வேலைய எழுதிக் குடுக்க வேண்டாம், தண்ணியத் திறந்துவிட்டுக்கிட்டு இருக்கட்டும். செக்குல கையெழுத்து நான்தான் போடுவேன், படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். இவருக்குச் சம்பளம் எழுதுற செக்கும் அதுல ஒண்ணு."

ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். கணவன் ஊராட்சிப் பணியாளராக இருக்கும்போது மனைவி நிற்கலாமா என்று சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. அதுக்குள்ள நான் வீட்டு வரியக் கட்டி வச்சிருதேன்" என்றது அந்தம்மா.